எங்கள் வீட்டுக்குள் வந்த சீட்டுக்கட்டு

"சீட்டுக்கட்டா? இந்த வீட்டு வாசப்படிக்குள்ளயா?"

என் மாமியார் கேட்ட வேகத்தில், என் கையிலிருந்த பால் சொம்பு ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. மாமியாரைப் பெற்றவர் அந்தக் காலத்தில் சீட்டாட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தோட்டத்தைத் தொலைத்தவர். எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினாரோ, அதே கிணற்று வாய்க்கால் ஓரம் என் மாமியார் பத்து வயதில் கூலிக்குக் களை வெட்டியிருக்கிறார். அந்த வைராக்கியத்தில், தாம் வாழ வந்த வீட்டில் சீட்டு என்ற பேச்சையே நுழைய விடவில்லை. கல்யாண வீட்டில் ஆண்கள் துண்டை விரித்துச் சீட்டுக்கு உட்கார்ந்தால் போதும், பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பி வந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் என் தம்பி பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு வந்து இறக்கினான். பெட்டி நிறைய, நூற்றுக்கணக்கில் அட்டைகள்!

அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் என்ன செய்தது, அதோடு சேர்த்து ஆட மேலும் பெட்டி வாங்கப் போய் நான் எப்படி ஏமாந்தேன், கடைசியில் எதை வைத்து முடிவு செய்தேன் என்பதையெல்லாம் சொல்லப் போகிறேன். "அதை வாங்கிக் கொடு, இதை வாங்கிக் கொடு" என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு ஏது? என் அனுபவம் யாருக்காவது பயன்படட்டுமே.

ஊமையாகித் திரும்பிய பிள்ளை

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். இந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் நாடு முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரருக்கும் ரிக் வண்டியில்தான் வேலை. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். மழைக்காலத்தில் அங்கே வேலை படுத்துவிடும். அப்போதுதான் ஒன்றிரண்டு மாதம் வீட்டில் தங்குவார்.

பெரியவன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினான். முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக நாமக்கல் ஜில்லா பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போனது அல்லவா? ஊரெல்லாம் சொல்கிறதே என்று நாங்களும் கடன் வாங்கி அவனை ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வருஷம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது, நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி தூரம்கூட வரவில்லை.

மார்க் போனது பெரிதல்ல. பிள்ளை பேச்சே இல்லாமல் வந்து சேர்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், போய்ப் படுத்துக்கொள்வான். கையில் எந்நேரமும் போன். "என்னடா கண்ணு?" என்றால், "ஒண்ணுமில்லீங்ம்மா."

வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருந்த சமயம். மகனைச் சகஜமாக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். பரண் மேலிருந்த கேரம் போர்டை இறக்கித் துடைத்து உட்கார்ந்தார். இரண்டு ஆட்டம் நல்லபடியாகத்தான் போயிற்று. மூன்றாவது ஆட்டத்தில், விளையாட்டுக்குத்தான் சொன்னார்:

"என்னடா, இதுலயும் தோத்துட்டியா?"

'இதுல' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பானோ என்னவோ. 'இதுலயும்' என்றார். பையன் போர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அவர் கையை ஓங்கினார். நான் நடுவில் விழுந்து தடுத்தேன். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் ஒருவர் கிழக்கே பார்ப்பார், ஒருவர் மேற்கே பார்ப்பார். நான் போனில் அழுததைக் கேட்டுத்தான் அடுத்த சனிக்கிழமையே என் தம்பி அந்தப் பெட்டியோடு வந்து நின்றான்.

யாரும் யாரையும் ஜெயிக்காத ஆட்டம்

"இதுல பணம் உண்டாடா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லீங்கத்தை."

"அப்ப யாரு தோக்கறது?"

"தோத்தா எல்லாருஞ் சேர்ந்து தோப்பாங்க. ஜெயிச்சா எல்லாருஞ் சேர்ந்து ஜெயிப்பாங்க."

மாமியார் நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லை. போனில் பணம் கட்டி ஆடுகிற சூதினால் எத்தனை குடும்பம் சீரழிந்தது! 2025-இல் நாடாளுமன்றமே அதைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது. அட்டை என்றாலே வயிற்றில் புளி கரைப்பது நமக்கு இயல்புதான்.

ஆனால் இது வேறு ஜாதி. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த டோல்கீன் என்பவர் 1954, 1955 ஆகிய வருஷங்களில் மூன்று பாகமாக எழுதி வெளியிட்ட 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' என்ற கதையை வைத்துச் செய்தது. சினிமாவாகவும் வந்தது. அதை அட்டை ஆட்டமாக்கி, அமெரிக்காவில் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்ற கம்பெனி 2011-இல் வெளியிட்டது. அமைத்தவர் நேட் ஃபிரெஞ்ச். 2022-இல் திருத்திய பெட்டி வந்தது. தம்பி கொண்டு வந்தது அதுதான். ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஆடலாம்.

ஒவ்வொருவர் முன்னும் மூன்று நாயகர்கள். கையில் துணையாட்கள், ஆயுதம், உதவி என்று அட்டைகள். எதிரே ஆள் கிடையாது. ஓர் அட்டைக்கட்டுதான் எதிரி! அதிலிருந்து சிலந்தி வரும், பூதம் வரும், இருண்ட காடு வரும். எத்தனை பேர் ஆடுகிறோமோ, சுற்றுக்கு அத்தனை தொல்லை அட்டை திறக்கும். எல்லோரும் கூடிப் பேசி, யாரை முன்னே பயணத்துக்கு அனுப்புவது, யாரைக் காவலுக்கு நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். பயணத்துக்குப் போனவர் அட்டையைப் படுக்க வைத்துவிடுவார்கள். எதிரி வந்தால் அவர் எழுந்து வர முடியாது. எல்லோரையும் வெளியே அனுப்பினால் வீடு காவலில்லாமல் போகும். எல்லோரையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் வழி நகராது. ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டிக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டுமா என்ன!

இன்னொன்று, அபாயக் கணக்கு. சுற்றுக்குச் சுற்று அது ஏறிக்கொண்டே போகும். 50-ஐத் தொட்டால் அந்த ஆள் ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறும். வட்டிக் கடன் மாதிரி!

அட்டையில் இருப்பதெல்லாம் பொடி இங்கிலீஷ். எட்டாவது படிக்கும் சின்னவளும் நானும் உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்தோம். புரியாத இடத்தில் பெரியவனைக் கேட்டோம். அவன் சொன்னான். ஒரு வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நீண்ட வாக்கியமே அதுதான்.

அம்பு விடும் லெகோலாஸைக் காட்டி, "நம்ம கொல்லிமலை வல்வில் ஓரி மாதிரிங்ம்மா" என்றாள் சின்னவள். ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்வதை அவளுக்குப் பாடத்தில் நடத்தியிருந்தார்கள். அதைக் கேட்டதும் மாமியாருக்குக் கொஞ்சம் மனசு இளகிற்று. தூணோரம் பாயைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

சிறைப்பட்டவன்

வீட்டுக்காரரைச் சின்னவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவருக்குக் கிம்லி என்ற குள்ளன் இருக்கும் போர்க்கட்டு. கிம்லிக்கு அடி விழ விழ பலம் கூடும். "இவன் நம்ம ஆளு!" என்றார். பெரியவனுக்கு அரகார்ன் இருக்கும் தலைமைக்கட்டு. சின்னவளுக்கு ஞானக்கட்டு. மூவரும் ஆட, நான் அடுப்படிக்கும் நோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பெட்டியில் மூன்று கதைகள். முதலாவது காட்டைக் கடப்பது. இரண்டு நாளில் முடித்தார்கள். இரண்டாவது ஆற்றுப் பயணம். ஆரம்பத்திலேயே ஒரு மலைப்பூதம் வழியை மறித்து நிற்கும். ஒரு வாரம் பிடித்தது. மூன்றாவதுதான் எமன். ஆரம்பத்திலேயே நம் நாயகர்களில் ஒருவர் எதிரியின் கோட்டையில் சிறைப்பட்டிருப்பார். யார் என்பதைப் பார்க்காமல் எடுக்க வேண்டும்.

அன்றைக்கு எடுத்தபோது அரகார்ன் வந்தான். பெரியவனின் முக்கியமான ஆள்.

"விட்ருங்க. மறுபடி கலைச்சு எடுக்கலாம்" என்றான் பையன்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள மாட்டுனவன் உசுரோடதான இருக்கான்? இருக்கற ஆளுகள வெச்சுட்டுப் போயிக் கூட்டியாரோணும். அதுக்குத்தான நாம உக்காந்திருக்கறோம்?"

பையன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நானும் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணுனேனுங்கப்பா. கூட்டிட்டுப் போங்கன்னு. பல்லைக் கடிச்சுட்டு ரெண்டு மாசம் இருடான்னு சொன்னீங்க."

எனக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மாமியார் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து புழக்கடைக்குப் போனார். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலடா சாமி. காசு கட்டிட்டோமே, பாதியில வந்தா வீணாப் போயிருமேன்னு மட்டுந்தான் தெரிஞ்சுது." அவ்வளவுதான் சொன்னார். சற்றுப் பொறுத்து, "யாரு முறை?" என்று கேட்டார்.

அன்றைக்குத் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அப்பனும் மகனும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு தாயின் வேலைதானே!

நான் ஏமாந்த கதை

கோட்டைக் கதையில் பத்துத் தடவை தோற்றார்கள். "நம்மகிட்ட நல்ல அட்டை பத்தல. கூடுதல் பெட்டி வாங்கோணும்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். என்னிடம் சொஸைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. அதன் மேல்தான் எல்லோருக்கும் கண்.

தம்பியிடம் கேட்டேன். அவன் போனில் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த ஆட்டத்துக்கு வருகிற கூடுதல் பெட்டிகள் முக்கியமாக நான்கு தினுசு.

முதலாவது, கட்டிய கட்டு. ஓர் ஆளுக்கு வேண்டிய அட்டைகளைத் தேர்ந்து தயாராகக் கட்டியிருக்கும். குள்ளர்கள், லோரியன் காட்டு எல்ஃப்கள், கோண்டோர் காவலர்கள், ரோஹன் குதிரை வீரர்கள் என்று நான்கு உண்டு. விலையும் மற்றதைவிடக் குறைவு.

இரண்டாவது, நாயகர் பெட்டி. புதுக் கதை இருக்காது. நம் கட்டுகளை மாற்றி அமைக்கப் புது நாயகர்களும் துணையாட்களும் இருப்பார்கள்.

மூன்றாவது, பயணப் பெட்டி. இதில் புது நாட்டில் புதுக் கதைகள். 'அங்மார்' வரிசை போன்றவற்றுக்கு நாயகர் பெட்டி தனி, பயணப் பெட்டி தனி.

நான்காவது, மூலக் கதைப் பெட்டிகள். டோல்கீன் எழுதிய கதையையே ஆரம்பம் முதல் முடிவு வரை மூன்று பெட்டியாகப் பிரித்தது.

இவை போக, 2022-க்கு முன்னால் வந்த பழைய சரக்கு இருக்கிறது. அப்போது ஒரு பெரிய பெட்டி, அதைத் தொடர்ந்து ஆறு சின்னப் பொட்டலம் என்று வரும். நாயகரும் கதையும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

இதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்ட நான், என்ன செய்தேன் தெரியுமா? மலிவாகக் கிடைக்கிறதே என்று, சின்னவளை விட்டுப் போனில் தேடி, ஒரு பழைய பொட்டலத்தை வாங்கினேன்! பிரித்துப் பார்த்தால், அந்தக் கதையை ஆட அதற்கு முன்னால் வந்த பெரிய பெட்டி இருந்தாக வேண்டுமாம். அதிலுள்ள தொல்லை அட்டைகளைச் சேர்த்தால்தான் இது ஓடுமாம். விற்றவரிடம் கேட்டதற்கு, "பெட்டியிலயே போட்டிருக்குமே" என்று போனை வைத்துவிட்டார். போட்டுத்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. நாயகரும் சில துணையாட்களும் உதவினார்கள். மற்றபடி கிரைண்டர் இல்லாமல் குழவியை மட்டும் வாங்கி வந்த கதைதான்.

அன்று இரவு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமியார் கேட்டார்:

"ஏம்மிணி, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு கட்டு பிரிக்காமயே கெடக்குதே, அது யாருது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மைதான். பெட்டியில் நான்கு கட்டு. தலைமை, போர், ஞானம், மனோபலம். நான்காவது ஆள் இல்லையே என்று மனோபலக் கட்டை எடுக்கவே இல்லை. அதில்தான் ஏயோவின் என்ற ராஜகுமாரி இருக்கிறாள். பெட்டியிலுள்ள பன்னிரண்டு நாயகர்களில் மனஉறுதி அவளுக்குத்தான் அதிகம்! ஏறிப் போன அபாயக் கணக்கை இறக்கும் அட்டை, வந்த கெடுதலைத் தடுத்து நிறுத்தும் அட்டை, எல்லாமே அந்தக் கட்டில்தான்.

"நீ போய் உக்காரம்மிணி" என்றார் மாமியார். "அண்ணன்மார் கதையில தங்காள் இல்லாம பொன்னரும் சங்கரும் மட்டும் என்ன கிழிச்சாங்க?"

"பாத்திரம் கெடக்குதுங்களே அத்தை..."

"கெடக்கட்டும். ஆளுக்கு நாலாத் துலக்குனா ஆச்சு."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் மாமியார் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை நான் கல்வெட்டில் பொறித்து வைக்கலாம்! வீட்டுக்காரர் துலக்கினார், பெரியவன் கழுவினான், சின்னவள் துடைத்து அடுக்கினாள். ஒன்பதே கால் மணிக்கு நான் பாயில் உட்கார்ந்தேன்.

ஏயோவினிடம் ஒரு விசேஷம் உண்டு. கையிலிருக்கும் ஓர் அட்டையை விட்டுக்கொடுத்தால் அவளுக்கு மனஉறுதி ஒன்று கூடும். நான் மட்டுமல்ல, ஆடுகிற ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு முறை அவளுக்காக ஓர் அட்டையை விடலாம். நெருக்கடியான ஒரு சுற்றில், "அம்மாவுக்கு நான் ஒண்ணு விடறேன்" என்று பெரியவன் ஆரம்பித்தான். "நானும்" என்றாள் சின்னவள். வீட்டுக்காரர் கையில் ஒரே அட்டைதான் இருந்தது. அதையும் வைத்தார்.

நான்காவது ஆள் சேர்ந்ததால் தொல்லை அட்டையும் சுற்றுக்கு ஒன்று கூடத்தான் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே ஜெயித்துவிடவில்லை. மூன்றாம் நாள்தான் கோட்டையை விட்டு வெளியே வந்தோம். எதிரி தாக்கும்போது கவிழ்த்து வைக்கும் நிழல் அட்டையைத் திருப்பும் வேலையை மாமியாரிடம் கொடுத்திருந்தோம். கைராசிக்காரர்! கடைசி அட்டையை அவர் திருப்பினார். ஒன்றும் இல்லாத அட்டை. வீடே கத்தியதில் கட்டுத்தறியில் மாடு எழுந்து நின்றுவிட்டது.

பணத்தை எடுக்கும் முன்

அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தோம். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இந்த ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு எது வாங்கினாலும் பொருந்தும்.

1. இருப்பது முழுவதையும் பிரித்துப் பார்த்தாயிற்றா? எங்கள் பெட்டியில் கால்வாசி தூங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் புதுப் பெட்டிக்கு அலைந்தோம். மசாலா டப்பாவைப் பார்க்காமல் மளிகைக் கடைக்குப் போவது போல.

2. எது குறைகிறது, ஆளா, வழியா? இருக்கிற கதைகளே ஜெயிக்க முடியாமல் இருந்தால் நாயகர் பெட்டியோ, கட்டிய கட்டோ உதவும். கதைகள் பழகிச் சலித்துவிட்டால்தான் பயணப் பெட்டி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம்தான் போகும்.

3. இது தனியாக ஓடுமா? எந்தக் கூடுதல் பெட்டிக்கும் முதல் பெட்டி கட்டாயம் வேண்டும். பழைய பொட்டலமானால் அதற்குரிய பெரிய பெட்டியும் வேண்டும். பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நான் படிக்காமல் பட்டேன்.

4. எத்தனை பேர் ஆடப் போகிறீர்கள்? 2011-இல் வந்த பழைய முதல் பெட்டி இரண்டு பேருக்குத்தான் அளவு. நான்கு பேர் என்றால் இன்னொன்று வாங்க வேண்டும். 2022-இல் வந்தது ஒன்றே நான்கு பேருக்கும் போதும். பழைய சரக்கு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்கவும்.

5. சின்னப் பிள்ளைகளா? பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. பெரியவர் பக்கத்தில் இருந்ததால் என் பெண்ணுக்குப் பதின்மூன்றிலேயே புரிந்தது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில், ஆட்டத்துக்கான குட்டிக் குட்டி வில்லைகளை வாயில் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

6. உடம்பையும் பாருங்கள். பொடி எழுத்து, மங்கல் விளக்கு இரண்டும் சேர்ந்தால் தலைவலி நிச்சயம். நாங்கள் கூடத்து விளக்கை மாற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடப்போம். பத்தரைக்கு மேல் ஆட்டம் இல்லை; பாதியில் நின்றாலும் சரி, துணி போட்டு மூடிவிட்டுப் படுக்கை. ஆடும்போது எல்லோருடைய போனும் சாமி அலமாரியில்.

7. ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. 2011 முதல் 2020 வரை இந்த ஆட்டத்துக்கு ஒன்பது வரிசைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கி, பிரிக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு என்றான் தம்பி. கட்டாத பட்டுப்புடவை பீரோவில் மடிப்பில் கிழிவது நமக்குத் தெரியாதா?

நாங்கள் எடுத்த முடிவு

பெரியவனுக்கு அங்மார் பெட்டி மேல் ஆசை. சின்னவளுக்கு ரோஹன் குதிரைகள். வீட்டுக்காரருக்குக் குள்ளர் கட்டு. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் சண்டை தீரும். ஆனால் ஆளுக்கு ஒன்று என்பதா இந்த ஆட்டம்?

கடைசியில் முதலில் வாங்கியது, 'தி டார்க் ஆஃப் மிர்க்வுட்' என்ற சின்னப் பொட்டலம். இரண்டே இரண்டு கதைகள். மிரட்டாதவை. கோட்டைக் கதையில் பட்ட களைப்புக்கு இதமாக இருந்தது. அம்மை போட்டு இறங்கிய பிள்ளைக்கு முதலில் கஞ்சிதானே கொடுக்கிறோம், விருந்தா வைக்கிறோம்? என் பையனும் அப்போது அப்படித்தான் இருந்தான். பக்கத்துக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதத்தில் தானாகவே போய் இடம் வாங்கிச் சேர்ந்தான். தேறி வரும் பிள்ளைக்கு ஜெயிக்கக்கூடிய ஆட்டம் ஒன்றிரண்டு வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மழை முடிந்து வீட்டுக்காரர் வண்டிக்குக் கிளம்பும் நாள் வந்தது. மிச்சப் பணத்தில் அடுத்த பெட்டியை அப்போதே வாங்கலாம் என்றாள் சின்னவள். பெரியவன்தான் வேண்டாம் என்றான்.

"பொங்கலுக்கு அப்பா வந்தப்புறம் வாங்கிக்கலாம். மூலக் கதைப் பெட்டி, மொதலாவது. அதுல ஃப்ரோடோ இருக்கான். மோதிரத்தச் சொமக்கறவன்."

"அவன் யாருக்கு?" என்று கேட்டேன். இதிலும் சண்டை வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"யாருக்கும் இல்லீங்ம்மா. யாரு அந்தச் சுத்துல மொதல்ல ஆடறாங்களோ அவங்ககிட்ட இருப்பான். அடுத்த சுத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போயிருவான். மோதிரமும் கூடவே போயிரும்."

வீட்டுக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டியவர், நின்று கேட்டார்: "அப்ப ஒருத்தனே சொமக்க வேண்டியதில்லையா?"

"இல்லீங்கப்பா."

"அப்ப அதையே வாங்கிரலாம்" என்றார்.

அவர் இப்போது சத்தீஸ்கரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்தால் முதலில் மகனைத்தான் கேட்கிறார். பால் பணம் அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க வீட்டுல சீட்டா?" என்று மூக்கில் விரலை வைத்தார். நான் வாயைத் திறக்கும் முன் என் மாமியார் சொன்னார்:

"சீட்டில்லீங்க. இதுல யாரு தோட்டமும் போவாது. வந்து நீங்களும் ஒரு கட்டு எடுங்க."